திண்டு, கட்டை, குண்டூசி: ரேந்தைக் குழுவில் புதிதாகச் சேர எப்படிக் கேட்பது?

தேரிக்காட்டுப்பெண்:

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். சொந்த ஊர் இடையன்குடிக்குப் பக்கம். என் ஆச்சி திண்டு வைத்து, நூல் சுற்றிய மரக்கட்டைகளால் ரேந்தை (லேஸ்) பின்னியவள். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போதே கண் மங்கி நிறுத்திவிட்டாள். அவள் பின்னிய ஞாபகம் கொஞ்சம்தான் இருக்கிறது: நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் அடுப்படி வரை கேட்கும்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தாள். உள்ளே 22 மரக்கட்டைகள், துருப்பிடித்த குண்டூசிகள் ஒரு கொத்து, துளை துளையாகக் குத்திய ஒரு அட்டை, அந்த அட்டையிலேயே பாதியில் நின்றுபோன இரண்டு விரல் அகல ரேந்தை. அதைப் பார்த்ததிலிருந்து இதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

நான் குடியிருக்கும் இடமே ஒரு காலத்தில் ரேந்தைக்குப் பேர்போனது என்று இங்கே வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு குழுவுக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. அப்புறம் நூலகத்தில் வேறொரு குழுவின் அறிவிப்பைப் பார்த்தேன். மாதத்தில் இரண்டாம், நான்காம் செவ்வாய், பக்கத்து ஊர்ப் பொதுமண்டபத்தில் கூடுகிறார்கள். நேற்று போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பதினைந்து பேர் இருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பாட்டிகள். எல்லார் முன்னாலும் ஒரு திண்டு, ஒருவர் தலையும் நிமிரவில்லை. காரிலேயே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா? எப்படிக் கேட்பது? சாமான் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டுமா? ஆச்சியின் கட்டைகளை எடுத்துப் போனால் சிரிப்பார்களா? எனக்குக் குரோஷா மட்டும் சுமாராக வரும்.

ஊசிக்காரன்:

குரோஷா தெரியும் என்கிறீர்களே, அப்புறம் என்ன? ரேந்தையும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. யூடியூபில் இல்லாத பாடமா? நான் கோவையில் உட்கார்ந்துகொண்டு குரோஷா முழுவதையும் வீடியோ பார்த்துத்தான் கற்றேன். பதில் போடாதவர்கள் வாசலில் போய் ஏன் நிற்க வேண்டும்?

லூட்டன் அக்கா:

தம்பி, இரண்டும் ஒன்றில்லை. குரோஷாவில் ஒரு கொக்கி, ஒரு நூல். இதில் கொக்கி கிடையாது (ஓரங்களை இணைக்க மட்டும் சில வகைகளில் உண்டு). ஒவ்வொரு நூலும் ஒரு கட்டையில் சுற்றியிருக்கும், கட்டைகள் எப்போதும் ஜோடி. திண்டின்மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, பின்னல் கலையாமல் இருக்க துளைக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். பின்னி முடித்து ஊசியை உருவினால் ரேந்தை கையில் வரும். ஓலைப்பாய் முடைவதற்குத்தான் இது பக்கத்துச் சொந்தம்.

இனி தங்கச்சிக்கு. நான் ஆறு வருஷமாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சல் விஷயம். கோபப்படாதீர்கள். பாதிக் குழுக்களில் இணையத்தில் இருப்பது பழைய செயலாளரின் முகவரி. அவர் பொறுப்பை விட்டு நாலு வருஷம் ஆகியிருக்கும், அந்தப் பெட்டியை யாரும் திறப்பதே இல்லை. அறிவிப்பில் தொலைபேசி எண் இருந்தால் கூப்பிடுங்கள். பாட்டிகள் தொலைபேசியை எடுப்பார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை, வந்து பார்க்கலாமா" என்றால் போதும். கூடவே ஒன்று கேளுங்கள்: "உங்கள் குழுவில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா?" இது முக்கியம். சில குழுக்கள் வகுப்பு இல்லை. அவரவர் வேலையைக் கொண்டுவந்து, பேசிக்கொண்டே பின்னிவிட்டுப் போவார்கள். அங்கே போய் யாராவது கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அது வரவேற்பு இல்லாததால் இல்லை. அவர்கள் கையில் முப்பது ஜோடி ஓடிக்கொண்டிருக்கும், பாதி வரியில் தலை நிமிர்ந்தால் எந்தக் கட்டை எங்கே என்று மறந்துபோகும். கதவு வழியாக நீங்கள் பார்த்தது அதைத்தான்.

சாமான் ஒன்றும் வாங்க வேண்டாம். பெரும்பாலான குழுக்களில் புதியவர்களுக்கு இரவல் திண்டும் கட்டைகளும் வைத்திருப்பார்கள். வயதானவர்கள் காலமாகும்போது வீட்டார் மொத்தமாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், அலமாரி நிரம்பி வழியும். கூடத்து வாடகைக்கும் டீக்குமாகச் சில பவுண்டு சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் மறக்காதீர்கள்.

செய்யக் கூடாதது: அடுத்தவர் திண்டின்மேல் விரலை வைக்காதீர்கள். ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தால்கூட வரிசை மாறிவிடும். நான் முதல் நாளே அழகாக மணி கோத்த ஒரு கட்டையைத் தூக்கிவிட்டேன். அந்த அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முகம் சொன்னது. கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், வடிவத்தை வரைந்தவருக்கு அதில் உரிமை உண்டு. டீயைத் திண்டு இருக்கும் மேஜைக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஆச்சியின் கட்டைகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். என்ன நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்.

நாஞ்சில் நூல்:

இடையன்குடி என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை மக்களே. நான் நாகர்கோவில். எனக்கு 64 வயது. பன்னிரண்டு வயதில் அம்மாவிடம் கற்றேன், கல்யாணம் ஆகும்வரை பின்னினேன்.

உன் ஆச்சி கைக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று தெரியுமா? 1819 கடைசியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியில் எழுத்தோடு ரேந்தையும் சொல்லிக்கொடுத்தார். 1820களில் தொடங்கிய வேலை அது. திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. ரேந்தைக் கூலியைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்களும் உண்டு என்று மிஷன் பதிவுகளில் இருக்கிறது. அவர்கள் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். அவரை 1844-ல் கட்டிக்கொண்டவர்தான் ராபர்ட் கால்டுவெல். எலைசா இடையன்குடிக்குப் போகும்போது ரேந்தையும் கூடவே போயிற்று. கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. எலைசா பெயரைச் சொன்னால் அவர் ஊர்ப்பக்கத்திலேயே பாதிப் பேர் யார் என்று கேட்பார்கள்.

எங்கள் வீட்டுத் திண்டு உருளை. உள்ளே வைக்கோலை இடித்து இடித்து இறுக்கியிருக்கும். குத்தின ஊசி அசையக் கூடாது, அதுதான் கணக்கு. உன் டப்பாவில் இருக்கும் துரு ஊசியைத் தூரப் போடு. எங்கள் கடற்காற்றுக்கு இரும்பு ஊசி ஒரு மழைக்காலம் தாங்காது, ரேந்தையில் துருக்கறை ஏறினால் அந்தக் கெஜம் தள்ளுபடி, கூலியும் இல்லை. பித்தளை ஊசி வாங்கு. கட்டைகளைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், பளபளப்புக்காக எண்ணெய் தடவிவிடாதே, நூல் முழுக்கக் குடித்துவிடும். பாதி ரேந்தையை அட்டையிலிருந்து பிரிக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆச்சியின் நினைவு என்று நீ உருகுகிறாய், தப்பில்லை. ஆனால் எங்கள் அம்மா ஆசைக்குப் பின்னவில்லை. கெஜக்கணக்கில் கூலி. விளக்கு வெளிச்சத்தில் பின்னிப் பின்னி நாற்பது வயதில் கண் போயிற்று. உன் ஆச்சிக்கும் அதே கதையாகத்தான் இருக்கும். அவள் பின்னினது எந்த ஊர் மேஜையில் கிடக்கிறதோ. அவள் வீட்டில் ஒரு துண்டாவது இருந்ததா?

காலிமுகம்:

வணக்கம், கொழும்பிலிருந்து. இந்த இழையில் எல்லோரும் "ரேந்தை" என்று எழுதுவதைப் பார்க்கவே சந்தோஷம். நாங்கள் றேந்தை என்று எழுதுவோம். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது, அவர்கள் மொழியில் ரென்டா. சிங்களத்தில் ரேந்த. தெற்கே காலி, வெலிகம பக்கம் இதே திண்டு வேலைதான், பீரலு ரேந்த என்பார்கள். பீரலு என்றால் அந்தக் கட்டைகள், அதுவும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் கரையோரத்துக்கு இது வந்தது மிஷனரிமாருக்குக் கனக்கக் காலம் முந்தி.

நான் வேலை விஷயமாகக் காலியில் இரண்டு வருஷம் இருந்தபோது ஓர் அம்மாவிடம் போய்க் கற்றேன். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவவுக்குத் தமிழ் துளியும் இல்லை. 2004 சுனாமியில் அவவின் திண்டும் கட்டைகளும் எல்லாம் கடலோடு போய்விட்டன, புதிதாகச் செய்வித்து வைத்திருந்தா. முதல் மூன்று நாள் என்னை ஒன்றும் செய்ய விடவில்லை. பக்கத்தில் பாய் போட்டு இருத்தி, பார் என்று கையைக் காட்டினா, அவ்வளவுதான். நாலாம் நாள் நான்கு கட்டைகளை என் கையில் தந்தா. எனக்குச் சரியான கோபம் முதலில். பிறகு விளங்கியது, அந்த மூன்று நாளில் என் காது பழகியிருந்தது. ஒழுங்காகப் பின்னும்போது கட்டைச் சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கு, பிழைத்தால் தாளம் உடையும்.

அதனால் தங்கச்சி, போய்க் கேளுங்கோ. வாசலில் நின்று திரும்புறது எல்லாம் எல்லோரும் செய்ததுதான்.

ஊசிக்காரன்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். நேற்று இரவு வீடியோ பார்த்தேன், தலை சுற்றியது. பத்து நிமிஷ வீடியோவில் அந்த அம்மாவின் விரலை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. மொத்தமே இரண்டே அசைவு என்று சொல்கிறாரே, அது உண்மையா?

லூட்டன் அக்கா:

உண்மைதான் தம்பி. முன்னூறு கட்டை தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பது நான்கு, அதாவது இரண்டு ஜோடி. இடமிருந்து 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைத் தூக்கி மூன்றாவதன்மேல் போட்டால் குறுக்கு. இரண்டாவதை ஒன்றின்மேலும் நான்காவதை மூன்றின்மேலும் போட்டால் முறுக்கு. எண் இடத்துக்குத்தான், கட்டைக்கு இல்லை, இடம் மாறியதும் எண்ணும் மாறும். இதில்தான் எல்லாரும் முதலில் விழுவார்கள். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணி போல நெருக்கமாக வரும். குறுக்கு, முறுக்கோடு நிறுத்தினால் வலை போல வரும். விசிறி, சிலந்தி, இலை எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பதுதான்.

நாஞ்சில் அக்கா எழுதியதற்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது இந்த ஊருக்கும் பொருந்தும். தங்கச்சி வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஓல்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குடியிருந்த கவிஞர் வில்லியம் கூப்பர் 1780-ல் ஒரு கடிதம் எழுதினார்: இந்தச் சின்ன ஊரில் கிட்டத்தட்ட 1,200 ரேந்தைக்காரர்கள் இருக்கிறார்கள், நூற்றுக்கணக்கானோர் பட்டினியின் விளிம்பில் நிற்கிறார்கள், இந்த நிலையில் ரேந்தைக்கு வரி போட்டால் என்ன ஆவது என்று. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை ரேந்தைப் பள்ளியில் உட்காரவைத்தார்கள். பள்ளி என்பது பேருக்குத்தான், நாள் முழுக்கப் பின்னல். ராத்திரியில் ஒரு மெழுகுவர்த்தி, அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டுகள், அதன் வழியாக வரும் பொட்டு வெளிச்சத்தில் ஆளுக்கு ஒரு திண்டு.

எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொன்று. ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1809-ல். அதன் பிறகுதான் நாகர்கோவிலில் கைரேந்தை தொடங்குகிறது. இங்கே இயந்திரத்தோடு போட்டி போட முடியாமல் கூலி இறங்கிக்கொண்டிருந்த வேலை அது. அங்கே அதே வேலை ஒரு பெண்ணுக்குக் கையில் காசு பார்க்கிற வழி. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் எதை நல்லது என்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாஞ்சில் நூல்:

நல்லதும்தான், கெட்டதும்தான். எங்கள் அம்மா அந்தக் கூலியில்தான் என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தாள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் கோபமாக எழுதியதாகத் தோன்றினால் மன்னித்துக்கொள்ளுங்கள். கற்கவேண்டாம் என்று சொல்லவில்லை மக்களே. போய்க் கற்றுக்கொள். விளக்கை நன்றாகப் போட்டுக்கொள்.

தேரிக்காட்டுப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. நாஞ்சில் அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, வீட்டில் ஒரு துண்டும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டிப்போகிற சேலையில்கூட ஆச்சி ரேந்தை வைத்ததில்லையாம். பின்னினது அத்தனையும் விற்பனைக்கு. டப்பாவில் இருக்கும் அந்தப் பாதித் துண்டு ஒன்றுதான் மிச்சம்.

இன்று காலையில் அறிவிப்பில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். லூட்டன் அக்கா சொன்னபடியே மூன்றாவது மணியில் ஒரு பாட்டி எடுத்தார். எழுதிவைத்திருந்த வாக்கியத்தை அப்படியே வாசித்தேன். "நீங்கள்தான் அன்றைக்குச் சிவப்புக் காரில் உட்கார்ந்திருந்தவரா? கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லையோ என்று நினைத்தோம்" என்றார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை போகிறேன்.

மட்டுறுத்துநர்:

இழை தலைப்பைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் நன்றாகப் போகிறது, அப்படியே விடுகிறேன். இயந்திர லேஸ் விற்பனை விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

தேரிக்காட்டுப்பெண்:

போய் வந்துவிட்டேன். இரவு பதினொன்றரை, தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

கதவைத் திறந்ததும் தொலைபேசியில் பேசிய பாட்டி எழுந்து வந்தார். நீலச் சட்டம் போட்ட கண்ணாடி, கழுத்தில் கத்தரிக்கோல் தொங்குகிறது. பெயரைக் கேட்டார், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரித்துக்கொண்டார், ஒரு நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான் வரவேற்பு. ஐந்து நிமிஷத்தில் என் முன்னால் வட்டமான தட்டைத் திண்டு, நீலத்துணி, நான்கு நிறத்தில் நூல் சுற்றிய எட்டு ஜோடிக் கட்டைகள். நிறம் வேறுவேறாக இருந்தால் எந்த நூல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியுமாம்.

நான் டப்பாவைத் திறக்கத் தயங்கினேன். டீ நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர்தான் "அதில் என்ன பிஸ்கட்டா" என்று கேட்டார். திறந்தேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. நீலக்கண்ணாடிப் பாட்டி கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, "எடுக்கலாமா" என்று கேட்டுவிட்டு ஒரு கட்டையை எடுத்தார். இவர்கள் கட்டைகளின் அடியில் கண்ணாடி மணிகளை வளையமாகக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கனத்துக்கும், உருண்டு போகாமல் இருக்கவும். ஆச்சியின் கட்டையில் மணி இல்லை, மொழுமொழுவென்று இருக்கிறது. கழுத்துப் பக்கம் மட்டும் மரம் நிறம் மாறி கருத்திருக்கிறது. "இது விரல் பட்ட இடம்" என்றார். நானும் அங்கே விரலை வைத்துப் பார்த்தேன், என் விரலுக்கு அந்த இடம் கொஞ்சம் குறுகல்.

அப்புறம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புது அட்டையில் துளை ஊசி முனை அளவுதான் இருக்குமாம். இதில் ஓரத்துத் துளைகள் கடுகு அளவுக்குப் பெருத்திருக்கின்றன. இதே அட்டையில் எத்தனை கெஜம் பின்னியிருந்தால் இப்படி ஆகும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ரேந்தையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் இன்னொருவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடைசி இரண்டு வரியில் மூன்று இடத்தில் முறுக்கு விட்டுப்போயிருக்கிறது. அதற்கு மேலே ஒரு பிழைகூட இல்லை" என்றார். நான் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரேந்தையைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

எலைசா பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் எழுத்துக்கூட்டி எழுதி வாங்கிக்கொண்டார். "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்" என்று கேட்டார்கள், காலிமுகம் அண்ணன் தயவில் போர்த்துக்கல் வரை போய்வந்து அசத்திவிட்டேன்.

எல்லாம் தேன் இல்லை. ஓர் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "நிறையப் பேர் ஒரு தடவை வருவார்கள்" என்று மட்டும் சொன்னார். சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால், இரவல் திண்டுகளை வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

இரண்டு மணி நேரத்தில் நான் பின்னியது ஒரு கட்டைவிரல் நீளம். அதில் மூன்று தடவை பிரித்தேன். பிரிப்பதற்கு இவர்கள் "தலைகீழ் ரேந்தை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், "இன்றைக்கு நீ பின்னியதைவிடத் தலைகீழ் ரேந்தைதான் அதிகம்" என்று ஒரே சிரிப்பு.

ஒரு சந்தேகம். தட்டைத் திண்டில் கட்டைகளை உள்ளங்கை கீழே பார்க்கும்படி நகர்த்தச் சொல்கிறார்கள். என் கை தானாகத் திரும்பித் திரும்பி உள்ளங்கை மேலே பார்க்கிறது. இது தப்பா?

நாஞ்சில் நூல்:

தப்பில்லை மக்களே. உருளைத் திண்டில் கட்டை தொங்கும், உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஏந்தித்தான் பின்னுவோம். நீ சின்னதில் பார்த்தது அது. உன் ஆச்சி கட்டையில் மணி இல்லாததும் அதனால்தான் இருக்கும். உனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினாய், கைக்கு இருக்கிறது போல.

அந்த வாய்திறக்காத அம்மா பக்கத்தில் அடுத்த தடவை உட்கார்.

லூட்டன் அக்கா:

சொல்லிக்கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள், ஐரோப்பாக் கண்டத்து முறை என்று அவர்களுக்குத் தெரியும். உருளைத் திண்டு அலமாரியில் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் ரேந்தை தினம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கூட்டம் போடுவார்கள், சாமான் கடைகளெல்லாம் வரும், பழைய திண்டு மலிவாகக் கிடைக்கும். இரண்டு முறையும் தெரிந்துகொள்வது நல்லது, அவசரப்படாதீர்கள்.

நேரம் கிடைத்தால் லூட்டனுக்கு வாருங்கள், வார்டவுன் அருங்காட்சியகத்தில் ரேந்தைத் தொகுப்பு இருக்கிறது, சேர்ந்தே பார்க்கலாம். இந்தப் பகுதிப் பழைய எலும்புக் கட்டைகளில் காதலன் பெயர், பிள்ளை பிறந்த நாள் எல்லாம் பொறித்திருப்பார்கள். பெட்ஃபோர்டில் தூக்கிலிட்டவன் பெயரையும் தேதியையும் பொறித்த கட்டைகள்கூட உண்டு. தூக்கு பார்க்கக் கூடிய கூட்டத்தில் நினைவுப்பொருளாக விற்றது. காதலன் பக்கத்தில் கொலைகாரன் தொங்க, அந்தக் காலத்துப் பெண் தன் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஊசிக்காரன்:

எனக்கும் ஒரு ஐயம். ஆண்கள் போனால் சேர்ப்பார்களா? இங்கே கோவையில் குழு எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த மாதம் வேலையாக நாகர்கோவில் வருகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

நாஞ்சில் நூல்:

வா தம்பி. இங்கே குழு என்று பலகை எல்லாம் கிடையாது. நானும் இன்னும் இரண்டு பேரும் சாயங்காலம் திண்ணையில் உட்காருவோம், அதில் ஒருத்திக்குக் கை நடுக்கம், வாயால் மட்டும் சொல்லிக்கொடுப்பாள். தனிச்செய்தி அனுப்பு. வீடியோவில் கற்றேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

தேரிக்காட்டுப்பெண்:

மூன்றாவது கூட்டம் முடிந்தது. புத்தக அடையாள நாடா ஒன்று, ஒரு சாண் நீளம், முடித்துவிட்டேன். ஓரம் ஒரு பக்கம் நேராக, ஒரு பக்கம் பாம்பு ஊர்ந்த மாதிரி. பேசாத அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஊசியைச் சாய்த்துக் குத்தவில்லை, நேராகக் குத்தியிருக்கிறாய்" என்றார். ஓர ஊசி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் நூல் இழுவைக்கு நிற்குமாம். அதன்பிறகு தன் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் திண்டில் வைத்தார். மணி கோத்தது, ஒரே ஒரு பச்சை மணி மட்டும் பெரிது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கட்டை கொடுப்பது இந்தக் குழுவில் பழக்கமாம், ஆனால் மூன்றாவது தடவை வந்தால்தான் அவர் கொடுப்பார் என்று நீலக்கண்ணாடிப் பாட்டி காதில் சொன்னார்.

ஒற்றைக் கட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இன்னொன்று வேண்டும். ஆச்சியின் கட்டை ஒன்றை அதற்கு ஜோடியாகப் போட்டிருக்கிறேன். ஒன்று கனம், ஒன்று லேசு, நூல் சமமாக இழுக்கமாட்டேன் என்கிறது. அடுத்த வேலையில் மாற்றிவிடுவேன்.

இப்போது அவசரக் கேள்வி: அடுத்த கூட்டத்துக்கு டீக்குப் பலகாரம் கொண்டுபோவது என் முறை. என்ன செய்யலாம்?

காலிமுகம்:

கொக்கிஸ்! அச்சில் தோய்த்துப் பொரிக்கிற எங்கள் ஊர்ப் பலகாரம், அதுவும் பார்க்க றேந்தை மாதிரித்தானே இருக்கும்.

நாஞ்சில் நூல்:

முந்திரிக்கொத்து செய். நாலு நாள் கெடாது. ஆனால் கை முழுக்க எண்ணெய் ஆகும். தின்றுவிட்டு எல்லாரையும் சோப்புப் போட்டுக் கழுவின பிறகுதான் திண்டுப் பக்கம் விட வேண்டும், அந்த அம்மாவையும் சேர்த்து.